நடுவானத்துல முள் ஜீரோ காட்டினா? வீட்ல கட்டுற விமானத்துக்கு எந்த மீட்டர் சரி?

விருத்தாசலத்துல இருந்து கருவேப்பிலங்குறிச்சிக்குப் பழைய ஸ்ப்ளெண்டர்ல போயிட்டிருக்கீங்கனு வைங்க. திடீர்னு ஸ்பீடோமீட்டர் முள் ஜீரோவுல படுத்துடுது. பதறுவீங்களா? 'கேபிள் கட்டாயிடுச்சு போல'னு போயிட்டே இருப்பீங்க. பெட்ரோல் முள் மேல சந்தேகம் வந்தாலும் கவலை இல்ல. டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஒரு குலுக்கு குலுக்கினா தெரிஞ்சுடும்.

இதே விஷயம் 3,000 அடி உயரத்துல, நீங்களே கட்டின விமானத்துல நடந்தா? அங்க ஓரமா நிறுத்த இடம் கிடையாது பாஸ்.

"விமானத்தை வீட்ல கட்டுறதா?"னு சிரிக்காதீங்க. மும்பை பைலட் அமோல் யாதவ், மொட்டைமாடியில் கட்டிய 6 சீட் விமானத்தை 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். 2017-ல் டிஜிசிஏ பதிவும் கிடைத்தது. இங்கிலாந்தில் வசிக்கும் ஆலப்புழா இன்ஜினீயர் ஒருவர், 'ஸ்லிங் டிஎஸ்ஐ' என்ற தென்னாப்பிரிக்க கிட்டை லாக்டவுன் காலத்தில் வாங்கி, தானே பூட்டி, 2022-ல் பறந்தே விட்டார். இப்படிக் கட்டுறவங்க எல்லாருக்கும் வரும் தலைவலிதான் இது: இன்ஜின் மீட்டர் மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா?

ரெண்டுமே அந்த ஸ்ப்ளெண்டர்ல இருக்கு. ஸ்பீடோமீட்டர் மெக்கானிக்கல். சக்கரம் சுத்தினா கேபிள் சுத்தும், முள் நகரும். பேட்டரியைக் கழட்டிப் போட்டாலும் ஓடும். பெட்ரோல் முள் எலெக்ட்ரிக்கல். டேங்க்ல மிதக்கிற மிதவையின் நிலையை வயர் வழியா சொல்லுது. பேட்டரி போனா அதுவும் போச்சு.

அப்போ மெக்கானிக்கல்தானே பெஸ்ட்? அவசரப்படாதீங்க.

மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டருக்கு, இன்ஜின் ஆயிலே மெல்லிய குழாயில் உங்க முன்னாடி இருக்கிற பேனல் வரைக்கும் வரும். மீட்டருக்குள்ள வளைஞ்ச குழாய் ஒண்ணு இருக்கும். அழுத்தம் ஏறினா அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளைத் தள்ளுது. பிரான்ஸின் யூஜீன் போர்டான் 1849-ல் காப்புரிமை வாங்கிய ஐடியா, இன்னிக்கும் அசையல. ஆனா வர்றது கொதிக்கிற ஆயில். குழாய் வெடிச்சா உங்க முழங்கால் வெந்துடும், இன்ஜினும் ஆயில் இல்லாம காயும். அதனால இன்ஜின் பக்கம் ஊசித் துளை அளவு ஓட்டை உள்ள ஃபிட்டிங் போடுவாங்க. குழாய் உடைஞ்சாலும் ஆயில் மெதுவாத்தான் கசியும். ஆயில்னாகூடப் பரவாயில்ல, ஃப்யூல் பிரஷர் மீட்டருக்காக பெட்ரோலையே காக்பிட்டுக்குள்ள கொண்டு வர்றது... என்னைக் கேட்டா வேணவே வேணாம்.

எலெக்ட்ரிக்கல்ல இந்தத் தொல்லை இல்ல. சென்சார் இன்ஜின் பக்கமே நின்னுடும், வயர் மட்டும் உள்ள வரும். ஒரே ஸ்கிரீன்ல எல்லா சிலிண்டர் சூடும் தெரியும், அலாரம் அடிக்கும், பதிவும் பண்ணி வைக்கும்.

அதோட பிரச்னை வேற. அது பொய் சொல்லும். எர்த் சரியில்லைன்னா முள் இஷ்டத்துக்கு ஆடும். கனமான பிரஷர் சென்சாரை நேரா இன்ஜின்ல முறுக்கினா அதிர்வுல கழுத்து விரிசல் விடலாம். அதனால இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற ஃபயர்வால் தகட்டுல அதை மாட்டி, ஒரு ஹோஸ் பைப்பால இணைக்கிறதுதான் நல்லது.

நடுவுல ஒரு சுவாரஸ்யமான ஆளும் உண்டு. பேரு தெர்மோகப்பிள். ரெண்டு வேற உலோகக் கம்பிகளோட முனையைச் சேர்த்து சூடாக்கினா, தானே சில மில்லிவோல்ட் கொடுக்கும். சிலிண்டர் சூட்டைப் பார்க்க, இதை வளையமா செஞ்சு ஸ்பார்க் பிளக்குக்கு அடியில மாட்டுவாங்க. (பிளக்கோட வெள்ளைக் கழுத்து, நம்ம விருத்தாசலம் சூளைகள்ல வேகுற பீங்கானுக்குச் சொந்தக்காரன்தான்!) பழைய முள் மாடல்ல இதுக்கு பேட்டரியே வேணாம்.

சரி, எதை வாங்குறது? முதல்ல இன்ஜினைப் பாருங்க. லைகோமிங் மாதிரி மேக்னெட்டோ வெச்ச இன்ஜின்னா, பேட்டரி செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். அப்போ எலெக்ட்ரிக்கல் ஸ்கிரீனோட ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டரும் இருந்தா நிம்மதி. ஸ்லிங் டிஎஸ்ஐ-ல வர்ற ரோடாக்ஸ் 915 ஐஎஸ் அப்படியில்ல. அதோட கம்ப்யூட்டருக்குக் கரன்ட் முழுசா போனா இன்ஜினே நின்னுடும். நின்ன இன்ஜினுக்கு ஓடுற மீட்டர் எதுக்கு? அங்க காசை பேக்கப் பவர்ல போடுங்க.

இப்போ அந்த 3,000 அடிக்கு வருவோம். ஆயில் பிரஷர் ஜீரோ. உடனே ஆயில் டெம்பரேச்சரைப் பாருங்க. அதுவும் ஏறுதுன்னா ஆபத்து நிஜம், சில நிமிஷத்துல இன்ஜின் நின்னுடலாம், கீழ வயலையாவது தேடணும். டெம்பரேச்சர் நார்மலா இருந்தா மீட்டர் பொய் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் பக்கத்து ரன்வேக்குத் திரும்பிடுங்க.

இந்தச் சோதனை வேலை செய்யணும்னா, ரெண்டு சென்சாரும் ஒரே எர்த்தை நம்பி இருக்கக் கூடாது. வயரிங் பண்ணும்போதே தனித்தனியா இழுத்துடுங்க. ஒரே எர்த்னா, அது போற அன்னிக்கு ரெண்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும்.