ஒரு நாள் மழையை வைத்து வழக்காட முடியாது

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 65 சென்டிமீட்டர்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மழை மறைவுப் பகுதி என்று புவியியல் வகுப்பில் நான் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிய பூமி இது.

அந்த ஒரு நாளில் தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட, நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் டீக்கடையில் விவாதம் ஆரம்பித்தது. “பூமி சூடாவுதுன்னு சொல்லுதாங்கல்லா, அதாம்வே இது” என்றார் ஒருவர். “92ல வந்த வெள்ளத்த மறந்துட்டீரா? ஆத்துல வெள்ளம் வாரது புதுசா?” என்று கேட்டார் இன்னொருவர். தை பிறந்து அதிகாலைப் பனி இறங்கியதும், “சார்வாள், பூமி சூடாவுதுன்னு சொன்னீயளே, இங்க பல்லு கிட்டுது” என்று என்னிடமே கேட்டார்கள். உடைந்த கரையைக் காட்டி முறையிடப் போன இடத்திலோ, “எல்லாம் காலநிலை மாற்றம், நாங்க என்ன செய்ய முடியும்” என்று பதில் வந்தது.

வெவ்வேறு கட்சிபோலத் தெரிந்தாலும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒரு நாள் மழையையோ ஒரு நாள் குளிரையோ சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தச் சாட்சியிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்கிறார்கள்.

படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. 2015 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க செனட் சபையில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற உறுப்பினர் ஒரு பனி உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே இவ்வளவு குளிர் அடிக்கும்போது புவி வெப்பமடைதல் எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். பதிவேட்டின்படி அதற்கு முந்தைய 2014தான் அதுவரையிலான ஆண்டுகளிலேயே உலகின் சராசரி வெப்பம் மிக அதிகமாக இருந்த ஆண்டு. வாஷிங்டனில் ஒரு குளிர்காலத்து நாளில் பனி விழுவதும் அந்தப் பதிவும் ஒன்றோடொன்று மோதவே இல்லை.

எங்கள் டீக்கடை அண்ணாச்சிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. “நேத்து கல்யாணக் கூட்டம் வந்து எறங்கி, காலைலயே பால் தீர்ந்துபோச்சு. அத வச்சு யாவாரம் கூடிட்டுன்னு சொல்லுவியளா?” என்று கேட்டேன். “அதெப்படி? வருசக் கணக்கப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். காலநிலைக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஒரு ஊரின் வழக்கமான வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு என்று சொல்ல, உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுப் பதிவுகளைக் கேட்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை “இயல்பை விட அதிகம்”, “இயல்பை விடக் குறைவு” என்று சொல்லும்போது அந்த இயல்பு இப்போது 1991 முதல் 2020 வரையிலான சராசரி.

அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன்மேல் மரியாதை வந்துவிடும். என் வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மேலே புனல், உள்ளே புட்டி, அளக்க ஒரு கண்ணாடிக் குழல். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் ஆட்டம் இல்லாமல் நிற்கவேண்டும். தினமும் காலை எட்டரைக்குப் புட்டித் தண்ணீரைக் குழலில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கவேண்டும். குழலின் ஓரத்தில் தண்ணீர் சற்றே மேலேறி நிற்கும். நடுவில் குழிந்திருக்கும் அடிமட்டத்தைத்தான் குறிக்கவேண்டும். நாடு முழுக்க இதே நேரம், இதே முறை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 2.5 மில்லிமீட்டர் எட்டினால்தான் அது மழை நாள். 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அதிகனமழை.

டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. அன்றைக்கு என் புட்டி நிரம்ப நிரம்ப, கையில் டார்ச்சோடு மாடியேறி அளந்து, நோட்டில் எழுதி, கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். அரசாங்கக் கணக்கில் ஸ்ரீவைகுண்டத்துக்கு 62 சென்டிமீட்டர் என்றால், ஆயிரம் சதுர அடி மாடி ஒன்றில் மட்டும் 57 ஆயிரம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட ஐந்து நிரம்பும். ஒவ்வொரு வீட்டு மாடியிலும், ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு வயலிலும் அதே கணக்குத்தான். அந்தத் தண்ணீர் போக வழி இருந்ததா என்பதுதான் அன்றைய இரவின் கேள்வி.

நம்மிடம் இந்தப் பதிவு மரபு பழையது. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அமைத்த ஆய்வகத்தில் நட்சத்திரங்களோடு வெப்பத்தையும் மழையையும் குறித்துவந்தார்கள். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி, சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் துறையில் சேர்ந்தார். வானிலைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நூறு கருவிகளுக்கு அருகில் இங்கேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். அவரைப் போன்றவர்களின் உழைப்பினால்தான் இன்று நாம் ஒரு எண்ணை நம்பிப் பேச முடிகிறது.

பூமி சூடாகிறது என்ற முடிவும் இப்படிப்பட்ட நோட்டுகளிலிருந்து வந்ததே. இங்கிலாந்தில் கை காலெண்டர் என்று ஒரு நீராவிப் பொறியாளர் இருந்தார். வானிலை ஆய்வு அவருடைய தொழில் இல்லை. ஓய்வு நேரத்தில் உலகெங்கும் 147 நிலையங்களின் வெப்பப் பதிவுகளைத் திரட்டி, கையால் கணக்குப் போட்டு, அரை நூற்றாண்டில் நிலப்பரப்பு சூடேறியிருப்பதை 1938இல் காட்டினார். நிலக்கரி எரித்து வரும் கரியமில வாயுவை அதற்குக் காரணமாகச் சொன்னார். அந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது 1850களிலேயே சோதனைக்கூடத்தில் தெரிந்த விஷயம். 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அதை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கரியமில வாயு மூலக்கூறுகள் இருந்தன. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

கணக்கின் கூட்டுத்தொகை இதுதான். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல். 2024ஆம் ஆண்டு சுமார் 1.55 டிகிரி கூடுதலாக இருந்ததாக உலக வானிலை அமைப்பு கணித்தது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018க்குள் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015க்குள் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது.

ஒரு டிகிரி என்பது பெரிய விஷயமா என்று கேட்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதில் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தங்கமுடியும். அத்தனையும் ஒரே இடத்தில் திரண்டு இறங்கும்போது மழை முன்னைவிடக் கனமாகிறது. ஆண்டு மொத்தம் கூடத்தான் வேண்டும் என்பதில்லை. அதே அமைச்சக அறிக்கை 1951க்கும் 2015க்கும் இடையில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை 6 சதவீதம் குறைந்ததாகவும், மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 15 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் நிகழ்வுகள் சுமார் 75 சதவீதம் கூடியதாகவும் சொல்கிறது. மொத்தம் குறைகிறது, ஒரு நாள் கொட்டுவது கூடுகிறது. குளத்து விவசாயிக்கு இரண்டுமே நஷ்டம்.

எங்கள் உப்பளத் தொழிலாளிகள் புத்தகம் படித்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை. கோடையில் பாத்தியில் உப்பு விளைந்து வாரும் பருவத்தில் ஒரு மழை தப்பிப் பெய்தால் விளைந்தது கரைந்துபோகும், அன்றைய கூலியும் போகும். மழை இல்லாத நாளில் வெள்ளை உப்பின் மேல் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைச் சுடும். ஊட்டியிலேயே 2024 ஏப்ரலில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நிழலில்லாத இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த விவாதம் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து சென்னை மூழ்கியதே, அந்த மழையைச் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆராய்ந்தது. இந்திய ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். புவி வெப்பமடைதலால் அந்த மழை கூடியதற்கான தடயம் கிடைக்கவில்லை என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி உலகக் கடல்கள் அளவுக்குச் சூடேறவில்லை, காற்றிலுள்ள மாசுத் துகள்களும் வெப்பத்தின் விளைவை ஓரளவு அமுக்கியிருக்கலாம் என்று காரணம் சொன்னார்கள். இயற்கையாகவே, பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை வலுப்பது வழக்கம். 2015 அப்படிப்பட்ட ஆண்டு, 2023உம் அப்படியே.

இந்த நேர்மைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காலநிலை மாற்றம் உண்மை என்று அடித்துச் சொல்லும் அதே விஞ்ஞானம்தான், இந்த மழையில் அதன் பங்கு தெரியவில்லை என்றும் சொல்கிறது. நம் பக்கத்துக்குச் சாதகமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு மழையையும் காலநிலைக் கணக்கில் எழுதினால், அடுத்த குளிர் நாளில் நம் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். இதைவிட மோசமான விளைவும் உண்டு. தூர் வாராத குளத்துக்கும், சீமைக்கருவேலம் அடைத்த மறுகால் ஓடைக்கும், ஆற்றுப் படுகையில் எழுந்த கட்டடத்துக்கும் பொறுப்பானவர்கள், “உலகமே சூடாகிறது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாமே வழி திறந்துவிடுகிறோம்.

92ல வந்த வெள்ளத்த மறந்துட்டீரா என்று கேட்டவரிடமும் எனக்கு ஒரு பதில் உண்டு. வந்தது உண்மை. இந்த ஆற்றுக்குப் பெருவெள்ளம் வரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு ஏற்றபடி கரையும் மடையும் கலிங்கும் பலப்பட்டிருக்கவேண்டாமா? பழைய வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்தான் அடுத்த வெள்ளத்துக்கு முதலில் கவலைப்படவேண்டும்.

ஆகவே விவாதத்தை இடம் மாற்றுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூமி சூடாகிறதா என்ற கேள்விக்குப் பதிவேடு பதில் சொல்லிவிட்டது. நம் ஊரில் கேட்கவேண்டியவை வேறு. நம் குளத்தின் கலிங்கு ஒரு நாளில் எத்தனை சென்டிமீட்டர் மழை வரை தாங்கும்? ஓடைப் பாலத்தின் அளவை எந்தக் காலத்து மழைக் கணக்கை வைத்து முடிவு செய்தார்கள்? வெயில் ஏறிய நாளில் உப்பளத்திலும் ஊரக வேலைத் திட்டத்திலும் வேலை நேரத்தை மாற்றுவது யார் பொறுப்பு? அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைத்து, பிள்ளைகளே தினமும் எட்டரைக்கு அளந்து கரும்பலகையில் எழுதினால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் தலைமுறை அங்கேயே உருவாகும். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அதில் அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டம் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பு வருகிறது. உங்கள் ஊர்க் குளத்தின் பெயரைச் சொல்லி, 2023 டிசம்பர் மழையின் அளவைச் சொல்லி, அந்த அளவு மறுபடி வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.