மூன்று முறை அழித்து எழுதிய தேதி

மதுரை செல்லூரில் நான் விற்பனையாளராக இருக்கும் ரேஷன் கடை வாசலில், இருப்பு எழுதும் கரும்பலகை ஒன்று உண்டு. அரிசி, பருப்பு, சர்க்கரை, பாமாயில் என்று வரிசையாக எழுதி வைப்பேன். 2020 ஜூன் கடைசியில் அதற்கு அடியில் இன்னொரு வரி சேர்ந்தது: ‘முழு ஊரடங்கு – 30 வரை’. அட்டையை நீட்டும் ஒவ்வொருவரும் அரிசிக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள். பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

கொரோனாவுக்காகப் போட்ட அந்த ஊரடங்கு ஜூன் 24-இல் தொடங்கியது. மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியங்கள், இவ்வளவுக்கும் பூட்டு. அதே மாவட்டத்து மேலூரில் அந்தப் பூட்டு இல்லை. முதலில் ஏழு நாள் என்றார்கள். பிறகு 30-ஐ அழித்து ஜூலை 5 என்று எழுதினேன். அதை அழித்து 12. அதையும் அழித்து 14. கூட்டினால் 21 நாள். மார்ச் 25-இல் நாடு முழுக்கப் போட்ட முதல் ஊரடங்கும் 21 நாள்தான். அதை ஒரே மூச்சில் சொன்னார்கள். எங்களுக்கு நான்கு தவணையாக வந்தது. வரிசையில் நடந்த சண்டையில் பாதி இந்தத் தவணையால் வந்தது என்றே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றபடியே சொல்வார்: “பதினாலு நாளுக்குக் குறைச்சுப் பூட்டுறது பூட்டாமலே இருக்கிறதுக்குச் சமம்மா.” அவர் பக்கம் நியாயம் இருந்தது. அப்போது பரவிய கிருமி உடம்புக்குள் புகுந்து காய்ச்சல் தெரிய ஐந்தாறு நாள் ஆகும், சிலருக்குப் பதினான்கு நாள்கூட. அதன்பின் பரிசோதனை, அதன் முடிவு. ஆக, இன்று செய்தியில் வரும் எண்ணிக்கை போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ தொற்றியவர்களின் எண்ணிக்கை. ஏழாம் நாள் கணக்கைப் பார்த்து ஊரடங்கு பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பூட்டிய பிறகும் தினமும் நூற்றுக்கணக்கில் ஏறியது. காய்ச்சல் முகாம் போட்டுத் தேடத் தேட, மறைந்திருந்தவர்களும் கணக்கில் வந்தார்கள். ‘பூட்டியும் ஏறுதே, இன்னும் நீட்டு’ என்றது ஒரு கூட்டம். ‘பூட்டியும் ஏறுதே, எதுக்குப் பூட்டு’ என்றது இன்னொன்று. ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள்.

ஆசிரியருக்குப் பின்னால் நின்ற தறிக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “சார், உங்க பென்ஷன் ஒண்ணாந்தேதி வந்துரும். எனக்குத் தறி ஓடுனாத்தான் கூலி. பாவு அப்படியே கிடக்கு. பதினாலு நாளுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா ஊர்ல தங்கச்சி வீட்டுக்காச்சும் புள்ளைகள அனுப்பியிருப்பேன்.” ஆசிரியர் பதில் பேசவில்லை. கோபப்பட்டும் போகவில்லை.

நிவாரணமாக ஆயிரம் ரூபாய் அறிவித்தார்கள். அரிசி அட்டைக்காரர்களுக்கு அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற உத்தரவுக்கு என்ன பொருள் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், கழிவறை நான்கு வீட்டுக்குப் பொது. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற ஐந்து பேர் எங்கே விலகுவது? தெருவில் பரவுவதை ஊரடங்கு குறைக்கும், அதை மறுக்கவே முடியாது. அந்த அறைக்குள் பரவுவதை அது தடுக்காது. அந்த ஆயிரத்தை 21 நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 48 ரூபாய்கூட வரவில்லை. ஆறு பேருக்கு.

வல்லுநர்களுக்குள்ளும் இது பேசப்பட்டது. ஜூன் 29-இல் முதல்வருடன் ஆலோசனை முடிந்து வெளியே வந்த மருத்துவ நிபுணர் குழுவில் ஒருவர், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் டாக்டர் பிரப்தீப் கௌர். ஊரடங்கை நீட்டிக்கத் தங்கள் குழு பரிந்துரைக்கவில்லை, அது ஒன்றே தீர்வாகாது என்று சொன்னார். பிறகு வந்த அரசு அறிவிப்பில் மாநில ஊரடங்கு ஜூலை 31 வரை நீண்டது. சென்னைக்கும் மதுரைக்கும் முழு ஊரடங்கு ஜூலை 5 வரை. வல்லுநர் சொல்வதை அரசு அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் படுக்கை, ஆள் எல்லாம் சேர்க்க நாள் வேண்டும், அந்தக் கவலை அரசுக்கு உண்டு. ஆனால் எந்தக் காரணத்துக்காக நீட்டுகிறோம், எந்த எண்ணைத் தொட்டால் விடுவோம் என்று வரிசையில் நிற்பவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஊரடங்குக்கு முக்கியமாகக் கைகொடுத்த சட்டங்கள் இரண்டு. ஒன்று பம்பாய் பிளேக் காலத்தில், 1897-இல் வந்த கொள்ளைநோய்ச் சட்டம். மற்றது 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம். பூட்டும் அதிகாரம் இரண்டிலும் இருக்கிறது. எப்போது திறப்பது என்ற அளவுகோல் இரண்டிலும் இல்லை.

மதுரையில் ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில்தான் சாத்தான்குளம் செய்தி வந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் கொண்டுபோன தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. இங்கே மதுரைக் கிளையில்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் மதியம் கடை மூடும் நேரம் நெருங்கினாலே பதற்றம். அரிசியைப் பாதி வாங்கிக்கொண்டு ஓடிய ஆத்தா ஒருத்தியை நான் மறக்கவில்லை. நோயைத் தடுக்க வந்த உத்தரவைக் கண்டு, நோயைவிட அதிகமாக மக்கள் நடுங்கினார்கள்.

2021-இல் இரண்டாம் அலை. மே மாதம் மறுபடி பூட்டு, வாரம் வாரமாக மறுபடி நீட்டிப்பு. ஆனால் சில விஷயம் மாறியிருந்தது. அரிசி அட்டைக்கு இரண்டு தவணையில் 4,000 ரூபாயும் 14 வகை மளிகையும் எங்கள் கை வழியாகப் போயின. ஜூன் 21-இலிருந்து தொற்றின் அளவைப் பார்த்து மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகைக்குத் தளர்வு குறைவு, மூன்றாம் வகைக்கு அதிகம். அன்று காலை பலகையில் தேதிக்குப் பதிலாக ‘மதுரை – வகை 2’ என்று எழுதினேன்.

தறிக்காரர் மளிகைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை நின்று படித்தார். பிறகு கேட்டார்: “வகை மூணுக்குப் போகணும்னா எவ்வளவு குறையணும்க்கா? அதையும் எழுதிப் போடுங்களேன்.”