மாணவர் ஓவியத்திற்கும் முழுப்பேர் வேண்டும்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஓவியம் பயிலும் மாணவரொருவர், வாடிக்கையாளர் ஒருவருக்கான அசைவூட்டப் படத்தில் முதன்முறையாக இணைகின்றார் எனக் கொள்வோம். தனியே வரைவதற்கும் கூட்டாக வரைவதற்குமுள்ள வேறுபாட்டை அவர் அங்கேதான் அறிகின்றார்.

திரையில் ஒரு செக்கனுக்கு வழமையாக 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் 10 செக்கன் காட்சிக்கு 120 படங்கள் தேவை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடை, தலையிலிருந்து கயிற்றால் முதுகில் தொங்குவது. அதனை இடுப்பில் வரையுமாறு வாடிக்கையாளர் கேட்பாராயின், பாத்திரத்தை வரையும் முதற் கட்டத்திலேயே எடுத்துக்கூறல் வேண்டும். பின்னர் திருத்துவதாயின் அந்த 120 படங்களையும் மீள வரைய நேரிடும். தோட்ட வாழ்வை அறிந்தவர் என்ற வகையில் அம்மாணவரின் சொல்லுக்கு அங்கு பெறுமதியுண்டு.

அப்பெறுமதிக்கு ஊதியமும் பெயரும் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின் இத்தகைய படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளரையே சாரும். எனினும், ஆக்கியோனாகத் தம் பெயர் குறிப்பிடப்படுவதற்கான தார்மிக உரிமை அதனின்றும் வேறானது. எனவே ஊதியம், திருத்தங்களின் எண்ணிக்கை, பெயர் இடம்பெறும் முறை ஆகியன பணி தொடங்குமுன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும். அனுபவம் கிடைக்கும் என்ற வாக்குறுதி ஊதியமாகாது.

கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடப்படும் வேதனையைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். அவர்தம் பிள்ளைகளின் ஓவியத்திற்கேனும் முழுப்பேர் கிடைக்க ஆசிரியர்களும் பெற்றோரும் துணைநிற்றல் வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.