ஒரே சட்டியில் இருதயத்துக்கும் சமைப்போம்

ஹந்தானைத் தேயிலை நூதனசாலையைத் தாண்டி மேலே ஏறினால் லயன் வீடுகள் வரும். அங்கே ஓர் அக்காவைப் பார்க்க மாதம் இரண்டு முறை போய் வருகிறேன். 1977 கலவரத்தின் பின் அவருடைய பெற்றோர் இந்தத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சியில் குடியேறியவர்கள். 2009இல் கணவரை இழந்த அக்கா, மெனிக் பாம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் ஹந்தானைக்கே, சித்தி வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

சென்ற வருடம் ஒரு காலை அவருக்குத் தாடையும் முதுகும் வலித்து, மூச்சு வாங்கியது. வாய்வு என்று நினைத்து இஞ்சி அவித்துக் குடித்திருக்கிறார். மகள்தான் 1990 இலவச அம்புலன்சை அழைத்தாள். மாரடைப்பு என்றார்கள். பெண்களுக்குக் கடும் நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பதைச் சகோதரிகள் மறக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் பிரச்சினை அடுப்படியில் தொடங்கியது. கிளினிக்கில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை நான் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"நாளும் பழம் வாங்க எங்கே போவேன் தங்கச்சி? எனக்கென்று தனிச்சட்டி வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?"

மீந்த சம்பலைக்கூட அவர் எறிவதில்லை. முகாமில் மாவுக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றவர் அவர். அவருடைய அடுப்பைப் பார்க்காமல் புத்தி சொல்லப் போனது என் பிழை.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு நாள் சாப்பாட்டை எழுதினோம். காலையும் இரவும் கோதுமை மா ரொட்டி, சம்பல். மதியம் சோறு, கருவாடு. ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. தனிச்சட்டி வேண்டாம், வீட்டுச் சட்டியையே மாற்றுவோம் என்று முடிவெடுத்தோம்.

உப்பு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மட்டமான ஒரு தேக்கரண்டி அளவு. கருவாட்டு உப்பும் அதற்குள் அடக்கம். கருவாட்டை வாரம் ஒரு நாளாக்கி, நன்றாக ஊறவைத்துக் கழுவினோம். சுவைக்குத் தேசிக்காய், மிளகு, உள்ளி.

தேங்காய்: அரைத் தேங்காய் கால் தேங்காயானது. முதற்பாலை விட்டுத் தண்ணிப்பாலில் கறி.

ரொட்டி: பாதி குரக்கன் மா. ஒரு வேளைக்கு ரொட்டிக்குப் பதில் அவித்த பயறு அல்லது கௌபி.

கீரை: வேலியோரத்து முருங்கையிலை, வல்லாரை. காசில்லை. (இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கீரை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.)

சீனி: வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தார்.

சமையலை மாற்றியும் அக்கா கடைசியில்தான் சாப்பிட்டார். அடிச்சட்டிக் குழம்பும் ஆறிய சோறும்தான் அவர் பங்கு. இப்போது மகள் முதலிலேயே அம்மாவின் தட்டில் கீரையும் பயறும் போட்டு வைக்கிறாள்.

இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, உணவு, புகைத்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் மன அழுத்தத்தையும் மாரடைப்புக்கான காரணங்களில் சேர்த்தது. நம் நெஞ்சை அடைப்பது கொழுப்பு மட்டுமல்ல. மாலையில் அக்கா பக்கத்து லயன் பெண்களுடன் நடக்கிறார். நடந்தபடி கிளிநொச்சிக் கதைகளும் சொல்கிறார். குளிசைகளை ஒரு நாளும் விடுவதில்லை.

முதல் வாரம் "கறி சப்பென்று இருக்கிறது" என்று மகன் முகம் சுளித்தான். சில மாதங்களின் பின் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவன் சொன்னானாம்:

"அம்மா, அங்கே கறியெல்லாம் ஒரே உப்பு."