வண்டியின் எண்ணும் சங்கத்தின் முத்திரையும்

நம் கூட்டுறவுச் சங்கங்களில் பலவற்றிற்கு இன்று சொந்த வண்டி இருக்கிறது. நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், நெய்த சேலைகளை விற்பனை நிலையத்திற்கு அனுப்பவும் நெசவாளர் சங்கத்திற்கு ஒரு வேன் வேண்டியிருக்கிறது. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல விவசாயிகளுக்கு டிராக்டரும் சிறு லாரியும் இன்றியமையாதவை. நூல் மூட்டையை மொபெட்டின் பின்னே கட்டிக்கொண்டு செல்லும் நெசவாளரை எந்தத் தறியூரிலும் காணலாம். வண்டியின் எஞ்சினையும் டயரையும் கவனிக்கும் நாம், அதன் முன்னும் பின்னும் இருக்கும் நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக எண்ணுவதில்லை. அதனால் நேர்ந்த ஒரு சம்பவத்தைக் கூறிப் பிறகு விஷயத்திற்கு வருவோம்.

அண்மையில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். செலவுச் சீட்டுகளுள் ஒன்று போக்குவரத்து அபராதம் பற்றியது. சங்கத்தின் வேன் வேறோர் ஊரில் சிவப்பு விளக்கை மீறிச் சென்றதாகக் கைபேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. காரியதரிசி தொகையை உடனே செலுத்திவிட்டு, அதை டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். டிரைவரை அழைத்துக் கேட்டோம். “அன்றைக்கு நான் அந்த ஊருக்கே போகவில்லை, ஐயா. சொன்னேன், யாரும் நம்பவில்லை” என்றார்.

வண்டியின் லாக் புத்தகத்தை வரவழைத்தோம். குறிப்பிட்ட நாளில் வேன் ஊரைவிட்டு வெளியே செல்லவே இல்லை. சங்கத்துக் கிடங்கின் வாசலில் நின்று நூல் இறக்கியிருக்கிறது. நூல் இருப்புப் பதிவேட்டிலும் அதே நாளில் வரவு காணப்பட்டது. பிறகு அபராதச் செய்தியோடு இருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதே கம்பெனி வேன், அதே நிறம், அதே நம்பர். ஆனால் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டிய சங்கத்தின் பெயர் இல்லை! யாரோ ஒருவர் சங்கத்து வண்டியின் எண்ணைத் தம் வண்டியில் எழுதிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார். லாக் புத்தகத்தின் நகலோடு போலீசில் புகார் எழுதித் தரச் சொன்னோம். டிரைவரிடம் பிடித்த தொகையைத் திருப்பித் தர நிர்வாகக் குழு அன்றே தீர்மானித்தது. தொகை சிறிதுதான், ஆனால் குற்றமற்ற ஒரு தொழிலாளி இரண்டு மாதம் பழி சுமந்தார் என்பது சிறிதன்று.

அப்போது காரியதரிசி ஒரு கேள்வி கேட்டார். அதே கொட்டகையில் சங்கம் பிற்பாடு வாங்கிய இரண்டாவது வேனும் நின்றது. “இதில் கம்பெனியிலிருந்தே ஏதோ விசேஷத் தகடு பூட்டித் தந்தார்கள், பழைய வண்டியில் கடைக்காரர் எழுதிய தகடுதான் இருக்கிறது. இரண்டிற்கும் என்ன வித்தியாசம்?” என்பது கேள்வி. அதற்கு நாம் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முத்திரையின் பொருள்

இவ்விஷயம் நெசவாளருக்கும் விவசாயிக்கும் புதியதன்று. கைத்தறிச் சேலையையும் விசைத்தறிச் சேலையையும் வாங்குவோர் பிரித்தறிவதற்காகவே 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு கைத்தறி முத்திரையை ஏற்படுத்தியது. சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டையும், ஆதார விதை மூட்டையில் வெள்ளை அட்டையும் வைத்துத் தைத்து முத்திரையிடுகிறார்கள். சேலையில் முத்திரையைக் கண்டால் இது தறியில் நெய்தது என்று நம்புகிறோம். அட்டையைக் கண்டால் இது பரிசோதிக்கப்பட்ட விதை என்று நம்புகிறோம். முத்திரை பொருளின் அழகைக் கூட்டுவதற்காக அமைந்ததன்று. ‘இப்பொருள் இன்னது’ என்று கூறும் சாட்சியாக அமைந்தது. வண்டியின் எண்ணும் அவ்விதமே. இந்த எண், இந்த எஞ்சின், இந்தச் சேஸிஸ், இந்த உரிமையாளர் ஆகிய நான்கையும் அது ஒன்றாகக் கட்டுகிறது. அந்தக் கட்டை எவரும் அவிழ்த்து வேறு வண்டியில் கட்டிவிட முடியுமானால், எண் இருந்தும் பயனில்லை.

தகட்டில் உள்ள காப்புகள்

உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு என்று வழங்கும் இது 1 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத்தால் ஆனது. அதன் மேல் ஒளியைத் திருப்பி வீசும் படலம் ஒட்டப்பட்டிருப்பதால் இரவில் எதிர்வரும் விளக்கொளியில் எண் தெளிவாகத் தெரியும். இடப்புற மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கரம் பொறித்த ஹாலோகிராம் இருக்கும். அதன் கீழே நீல நிறத்தில் ‘ஐ.என்.டி.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். இடப்புறக் கீழ்ப்பகுதியில் லேசர் கதிரால் பொறித்த நிரந்தர அடையாள எண் ஒன்று குறைந்தது பத்து இலக்கங்களில் அமைந்திருக்கும். பதிவெண்ணின் எழுத்துகள் தகட்டிலிருந்து புடைத்து நிற்கும். அவற்றின் மேலுள்ள கருநிறப் படலத்தில் ‘இந்தியா’ என்ற சொல் ஆங்கிலத்தில் சாய்வாகத் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருக்கும்.

இவற்றுள் லேசர் எண்ணே முக்கியமானது. முன்தகட்டிற்கு ஒன்றும் பின்தகட்டிற்கு ஒன்றுமாகத் தனித்தனி எண்கள் பொறிக்கப்படுகின்றன. இரண்டும் ‘வாகன்’ என்னும் அரசாங்கப் பதிவுத் தொகுப்பில் அந்த வண்டியின் கணக்கில் ஏற்றப்படுகின்றன. ஆகவே சந்தேகம் எழும்போது அதிகாரி தகட்டைப் பார்த்தே உண்மையை ஒப்பிட்டறியலாம். பின்தகட்டைப் பூட்டுவதற்கு ஒரு விசேஷப் பூட்டு உண்டு. ஒருமுறை பூட்டினால் உடைத்தாலன்றி அது கழலாது. உடைத்ததை மறுபடி உபயோகிக்கவும் இயலாது.

கார், வேன் போன்றவற்றிற்கு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு. முன்கண்ணாடியின் உட்புறம், இடப்பக்க மேல் மூலையில் ஒரு ஒட்டுவில்லை ஒட்டப்படும். பதிவெண், பதிவு செய்த அலுவலகம், லேசர் எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண் ஆகியவை அதில் இருக்கும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளுக்கு இளநீலம், டீசல் வண்டிகளுக்கு ஆரஞ்சு, மற்றவற்றிற்குச் சாம்பல் என்று அதன் நிறம் எரிபொருளைக் காட்டும். பிய்த்து எடுக்க முயன்றால் வில்லை சிதைந்துவிடும்.

தகட்டில் நம் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்று சில அன்பர்கள் அஞ்சுகிறார்கள். அத்தகைய கருவி எதுவும் அதில் இல்லை. சுங்கச் சாவடியில் பணம் கழியும் ‘பாஸ்டாக்’ வேறு, இது வேறு.

சட்டம் வந்த வழி

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆம் விதியை 2001-இல் திருத்தி இதனைக் கொண்டுவந்தனர். ஒப்பந்தப்புள்ளி முறையை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. 2004-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை நிலைநிறுத்தியது. அதன் பின்னும் மாநிலத்திற்கு மாநிலம் தாமதம் நீடித்தது. 2018 டிசம்பரில் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டு, பொறுப்பு வண்டி தயாரிக்கும் கம்பெனிகளின் மீது வைக்கப்பட்டது. 1-4-2019 முதல் தயாராகும் வண்டிகளுக்குக் கம்பெனியே தகட்டை வழங்க வேண்டும். விற்பனையாளர் அதில் பதிவெண்ணைப் பொறித்து வண்டியில் பூட்டித் தர வேண்டும். நாம் கண்ட கொட்டகையில் இரண்டாவது வேனுக்கு மட்டும் புதுத் தகடு இருந்ததன் காரணம் இதுவே.

புது வண்டி வாங்குவோர் கவனிக்க

வண்டியை ஓட்டி வருமுன் முன்தகடு, பின்தகடு, நான்கு சக்கர வண்டியாயின் கண்ணாடி வில்லை ஆகியவை முறைப்படி அமைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தகட்டைக் கையில் கொடுத்து, “ஊரில் மாட்டிக்கொள்ளுங்கள்” என்றால் ஏற்க வேண்டாம். பூட்டோடு பொருத்தித் தருவதே முறை. சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைத் தகட்டில் கரிய எழுத்து. வாடகை, சரக்கு வண்டிக்கு மஞ்சள் தகட்டில் கரிய எழுத்து. மின்சார வண்டிக்குப் பச்சைத் தகடு. அதில் சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்தும் வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்தும் இருக்கும். தகட்டின் மேல் தலைவர் படமோ, சாமி பெயரோ, சங்கத்துப் பதவியோ எழுதுதல் கூடாது. சங்கத்தின் பெயரை வண்டியின் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்; அதன் பயனை மேலே கண்டோம்.

பழைய வண்டி உடையோர் கவனிக்க

1-4-2019-க்கு முன் பதிவான வண்டிகளுக்கு அந்தந்த மாநில அரசு ஆணையிட்டு, காலக்கெடு வைத்து, தகடு மாற்றச் செய்கிறது. கர்நாடகம் 2023 ஆகஸ்டில் ஆணை பிறப்பித்து முதலில் அவ்வாண்டு நவம்பர் 17 வரை கெடு வைத்தது. பிறகு அக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. மகாராஷ்டிரம் பழைய இருசக்கர வண்டிக்கும் டிராக்டருக்கும் ரூ.450, மூன்று சக்கர வண்டிக்கு ரூ.500, கார் முதலிய மற்றவற்றிற்கு ரூ.745 என்று, ஜி.எஸ்.டி. நீங்கலாக, கட்டணம் அறிவித்தது. ஓசூர்ப் பக்கத்து விவசாயிகளில் கர்நாடகப் பதிவுள்ள பழைய வண்டியை வாங்கி ஓட்டுவோர் உண்டு. அவர்களை அம்மாநில ஆணை கட்டுப்படுத்தும் என்பதை மறக்கலாகாது. தமிழ்நாட்டுப் பதிவுள்ள பழைய வண்டிக்குத் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் காட்டும் வழியிலேயே தகடு பெறுதல் நலம்.

பெறும் முறை கடினமானதன்று. அரசு அறிவித்த இணையதளத்தில் வண்டியின் பதிவெண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அவை பதிவுத் தொகுப்போடு ஒத்திருந்தால், பொருத்தும் நிலையத்தையும் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தலாம். குறித்த நாளில் ரசீதோடும் ஆர்.சி.யோடும் வண்டியைக் கொண்டு சென்றால், பழைய தகட்டை நீக்கிப் புதியதைப் பூட்டித் தருவார்கள். ஆர்.சி.யில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பதிவு நின்றுவிடும். ஆகவே முன்னதாகவே அதைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்க.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் பணத்தைப் பறித்துக்கொள்கின்றன. தெருவோரக் கடைகளில் அசோகச் சக்கரமும் நீல எழுத்தும் ஒட்டிய போலித் தகடுகள் கிடைக்கின்றன. இவற்றின் எண் அரசுத் தொகுப்பில் ஏறுவதில்லை. ஐம்பது ரூபாய் மிச்சம் என்று அவற்றை வாங்குவோர், போலி முத்திரை குத்திய சேலையைக் கைத்தறி என்று வாங்கியவரை ஒப்பர்.

தகடு விபத்தில் நெளிந்தாலோ உடைந்தாலோ, அந்த ஒரு தகட்டை மட்டும் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். தொலைந்துபோனால் முதலில் போலீசில் புகார் கொடுத்து அதன் நகலைப் பெற வேண்டும். அந்நகலின்றி மாற்றுத் தகடு கிடையாது. நம் தொலைந்த தகடு மற்றொருவன் கையில் தவறான காரியத்திற்குப் பயன்படலாம் என்பதால் இந்தக் கண்டிப்பு நம் நன்மைக்கே ஆகும்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, வண்டி ஒவ்வொன்றின் பதிவெண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், இரு லேசர் எண்கள் ஆகியவற்றைச் சொத்துப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். இரண்டாவது, லாக் புத்தகத்தை அன்றன்றே எழுத வேண்டும்; மாதக் கடைசியில் மனக்கணக்காக எழுதும் புத்தகம் சாட்சி ஆகாது. மூன்றாவது, அபராதச் செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், அரசின் இ-செலான் தளத்திற்குச் சென்று புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். வண்டி நம்முடையது அன்று என்றால், பணம் செலுத்துமுன் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். நான்காவது, பழைய டிராக்டரையோ வேனையோ விலைக்கு வாங்கும்போது ஆர்.சி.யில் கண்ட சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்ட பின்பே முன்பணம் தர வேண்டும். ஐந்தாவது, விசாரணையின்றித் தொழிலாளியின் சம்பளத்தில் அபராதத்தைப் பிடித்தல் கூடாது.

இத்தகடு இருந்துவிட்டால் திருட்டே ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஒரு வண்டியில் மட்டும் இருந்தால் அதன் பயன் சிறிதே. ஏனெனில் சாதாரணத் தகட்டில் அதே எண்ணை எழுதி ஓட்டுபவனை எவரும் சந்தேகிக்க மாட்டார்கள். எல்லா வண்டிகளும் இதனைப் பூண்ட பிறகு, சாதாரணத் தகடுடன் வரும் வண்டியே கண்ணில் உறுத்தும். போலிக்கு ஒளிய இடமிராது. ஒருவர் ஒழுங்கு மற்றவருக்குக் காப்பாக அமைவது இங்குத்தான். கூட்டுறவின் தத்துவமும் அதுவே அல்லவா?

நாம் புறப்படும்போது அந்த டிரைவர் பழைய வேனின் பக்கத்தில் மங்கியிருந்த சங்கத்தின் பெயருக்குப் புது வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றியவை அந்தப் பெயரும் நாள் தவறாமல் எழுதிய லாக் புத்தகமுமே. இன்னொரு சங்கத்தின் டிரைவருக்கு அப்பழி நேராதிருக்க வேண்டுமானால், அன்பர்கள் இன்றே தம் வண்டியின் தகட்டை ஒருமுறை குனிந்து பார்ப்பார்களாக.