முதுகுக்குப் பின்னால் வரும் வண்டி

மதுரையில் வண்டியூரைத் தொட்டுப் போகும் ரிங் ரோட்டில் ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால், போலீஸ் வருவதற்கு முன்பே கூட்டம் வந்துவிடும். உத்தங்குடியில் தொடங்கிக் கப்பலூரில் முடியும் இந்த 27 கிலோமீட்டர் சாலையில், திருச்சிப் பக்கமிருந்து தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போகும் லாரிகள் ஊருக்குள் நுழையாமல் விரைகின்றன. பாண்டி கோயிலுக்குக் கிடா வெட்ட வரும் வேன்களும், மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றி வரும் மினி லாரிகளும், எதிர்த்திசையில் வரும் டூவீலர்களும் அதே சாலையில்தான். மோதிய வண்டியைப் பார்த்ததும் பத்துப் பைக் நிற்கும், பத்து நிமிடத்தில் ஐம்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒரு எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் வந்து இறங்குவது இந்தக் கூட்டத்துக்கு நடுவில். விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரரின் உயிருக்கு வரும் ஆபத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஜாக்கெட் வேண்டும்தான். ஆனால் அவரைச் சுற்றி ஐம்பது பேர் நின்றால், அந்த ஜாக்கெட் வருகிற வண்டிக்காரன் கண்ணில் எப்படிப் படும்?

இது கற்பனைப் பயம் அல்ல. 2023 ஜூலை 20 நள்ளிரவு கடந்து, அகமதாபாத்தில் சர்கேஜ்–காந்திநகர் நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில் ஒரு ஜீப் லாரியின் பின்னால் மோதியது. போலீஸ் வந்தது, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் சேர்ந்தது. சற்று நேரத்தில் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வந்த ஒரு கார் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. செத்தவர்கள் 9 பேர். அவர்களில் ஒருவர் கான்ஸ்டபிள், ஒருவர் ஊர்க்காவல் படை வீரர். காரை ஓட்டியவர் மேல் வழக்குப் பாய்ந்தது, அது நியாயம். ஆனால் அந்த வேகத்தில் ஒரு வண்டி வரக்கூடும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டுதான் விபத்து இடத்தை அமைக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் ஒழுங்காக ஓட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு மனிதரை ரோட்டு நடுவில் நிறுத்த முடியாது. 2022-ல் நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேரின் சாவுக்குக் காரணமாக எழுதப்பட்டது அதிவேகம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். இவற்றில் பெரும்பாலானவற்றின் நடுவே ஏதோ ஒரு நேரத்தில் ஒரு காக்கிச் சட்டை நின்றிருக்கும்.

அங்கே அவர் செய்ய வேண்டிய வேலைகளே அவரைத் தலை குனிய வைக்கின்றன. அடிபட்டவரை 108-ல் ஏற்றியதும் டயர் இழுத்த தடத்தை அளக்க வேண்டும், மகஜர் எழுத வேண்டும், மாதிரி வரைபடம் போட வேண்டும். சில ஆண்டுகளாக விபத்துத் தரவுத்தளத்தின் செயலியில் படம் எடுத்து ஏற்றும் வேலையும் சேர்ந்திருக்கிறது. அவசியமான வேலை, மறுப்பில்லை. ஆனால் செல்போன் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு இன்னும் இருட்டாகும். இதற்கு மேல் கூட்டம். ஒருவர் வீடியோ எடுக்கிறார், இன்னொருவர் டிரைவரை அடிக்கப் பாய்கிறார், மூன்றாமவர் கீழே கிடக்கும் பையைத் தூக்குகிறார். இவர்களைச் சமாளிக்க போலீஸ்காரர் இவர்கள் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். திரும்பிய கணத்தில் வண்டி வரும் திசைக்கு அவர் முதுகைக் காட்டுகிறார். அவரைக் கொல்லப் போகும் வண்டியை அவர் பார்க்கவே மாட்டார். என் கவலையெல்லாம் இந்த முதுகைப் பற்றித்தான்.

தூரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை, இரண்டு நொடி ஆகும். அதற்குள் 40 மீட்டர் போய்விடும், நிற்க இன்னும் 40. பாரம் ஏற்றிய லாரிக்கு அதற்கும் மேல். இறக்கிவிட்ட ஹெட்லைட்டில் காக்கி உடுப்பு கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டரில் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. ஆக, எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் நொறுங்கிய வண்டிக்குப் பக்கத்தில் அல்ல, இருநூறு மீட்டர் பின்னால். நம் ஊரில் லாரிக்காரர்கள் செடிக் கொத்தை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை அடுக்குவார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் லாரி கிளம்பிய பிறகும் கல் அங்கேயே கிடந்து பைக்கில் வருபவரைத் தள்ளிவிடும். சாலை வேலை நடக்கும் இடத்தில் பலகையும் கூம்பும் எங்கே வைக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் தனி விதிநூலே போட்டிருக்கிறது. தார் போடுபவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, ரத்தம் காயாத சாலையில் நிற்பவருக்கும் வேண்டாமா?

கூட்டத்தைக் குறை சொல்லாதீர்கள், அவர்கள்தானே முதலில் தூக்கிவிடுகிறார்கள் என்று கேட்பார்கள். உண்மை. 2019 சட்டத் திருத்தமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு ஆளைத் தூக்க நாலு பேர் போதும். மீதி நாற்பத்தாறு பேர் சாலையோர மண்ணுக்கு இறங்க வேண்டியவர்கள். ஒரு வழித்தடத்தை அடைத்தால் நெரிசல் ஆகும் என்பது இன்னொரு வாதம், ஆகட்டும். ஆள் எங்கே என்ற கேள்விதான் கனமானது. வருவதே இரண்டு பேர். அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். ரோந்து வண்டியை மோதிய வண்டிக்குப் பின்னால், விளக்கு எரிய, சாய்வாக நிறுத்துவது முதல் வேலை. இரண்டு பேரில் ஒருவர் டார்ச்சோடு சாலையைப் பார்த்தபடியே நிற்பது இரண்டாவது. அவர் வேறு எதற்கும் திரும்பக் கூடாது. அடிபட்டவரைக் கவனிப்பது மற்றவர், அளப்பதும் எழுதுவதும் கூடுதல் ஆள் வந்த பிறகு.

அமெரிக்காவில் தெற்குக் கரோலினா 1996-ல், விளக்கு எரிய நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் அடுத்த தடத்துக்கு விலக வேண்டும் என்று சட்டம் போட்டது. 2012-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது வந்துவிட்டது. இங்கே சைரனோடு ஓடிவரும் வண்டிக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு விலகச் சொல்லும் அதே அளவு கண்டிப்பான பிரிவு வேண்டும். ஆனால் கூட்டத்தை விலக்கச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சித்திரையில் ஆற்றில் இறங்கிய அழகர் வண்டியூர் போய்ச் சேரும் வரை லட்சக்கணக்கானவர்களைக் கயிறு பிடித்து ஒதுக்கி நிறுத்தத் தெரிந்த போலீஸ் இது. அந்தக் கயிற்றில் நூறு அடியை ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் போட்டு வைக்கலாம். கூட்டத்தில் முன்னால் நிற்கும் இரண்டு பேரிடமே அதன் முனைகளைக் கொடுத்து, சாலையோரத்துக்கு இறங்கிப் பிடிக்கச் சொல்லலாம்.