உங்களுக்குத் தெரியுமா? கொப்பரைக்கு விமானத்தில் இடமில்லை

ஊறுகாய், முறுக்கு, வடகத்தோடு அம்மா பெட்டியில் வைத்து அனுப்பும் கொப்பரைத் தேங்காய், விமான விதிகளின்படி அபாயப் பொருள். ஐ.நா. பட்டியலில் அதன் எண் 1363. தானாகத் தீப்பற்றக்கூடியவற்றுக்கான 4.2 வகுப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது.

காரணம் எண்ணெய். நன்கு காய்ந்த கொப்பரையின் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய்தான். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெப்பம் உண்டாகிறது. சரியாகக் காயாமல் ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, சூட்டை இன்னும் கூட்டும். நெருக்கி அடுக்கிய மூட்டைகளுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். வீட்டிலிருந்து எடுத்துவரும் நான்கு கொப்பரை இப்படிப் பற்றிக்கொள்வது மிக அரிது. ஆனாலும் நடுவானில் சரக்கறைத் தீயை அணைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்த்தால், இந்தக் கண்டிப்பு நியாயமானதே.

உடைக்காத தேங்காயையும் இந்திய விமானங்களில் கைப்பையில் எடுத்துச்செல்ல முடியாது. இருமுடி சுமந்து வரும் ஐயப்ப பக்தர்களுக்கு இது பெரிய சங்கடம்; நெய் நிரப்பிய தேங்காயை முடியிலிருந்து பிரித்துத் தனியே அனுப்ப யாருக்கு மனம் வரும்? 2024 அக்டோபரில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் அவர்களுக்கு விலக்கு அளித்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கையால் சோதனை எல்லாம் முடிந்தபின், 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுசெல்லலாம் என்றது.